பேக்மேனை யார் தூக்குவது?

அமெரிக்காவில் பழைய ஆர்கேட் இயந்திரங்கள் விற்பனைக்கு வரும் விளம்பரங்களைக் கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தாலே ஒரு விஷயம் பிடிபட்டுவிடும். விலை சந்தேகப்படும் அளவுக்கு மலிவாக இருந்தால், கடைசி வரியில் காரணம் இருக்கும்: இயந்திரம் பேஸ்மென்ட்டில் இருக்கிறது, வாங்குபவரே ஆள் கூட்டிவந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் விலை இறங்கியிருக்கிறது. கேலகாவோ டாங்கி காங்கோ, காசு கொடுத்து வாங்குவது எளிது. அதைப் படியேற்றி, வாசல் தாண்டி, வண்டியில் ஏற்றி, இன்னொரு வீட்டுக்குள் சேதமில்லாமல் இறக்குவதுதான் பெரும்பாடு.

ஆள் வைத்துத் தூக்குவதா, நாமே தூக்குவதா? பலரும் இதை வெறும் காசுக் கணக்காகப் போட்டுப் பார்க்கிறார்கள். அதனால் உடைந்த இயந்திரங்கள் உண்டு. அதனால் பிடித்துக்கொண்ட முதுகுகளும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்களோடு பேசியதிலிருந்தும், வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்ததிலிருந்தும் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: தூக்கும் வேலையைக் கூலிக்குக் கொடுக்கலாம், படிக்கட்டு இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால், தூக்குவதற்கு முன்னால் இயந்திரத்தைத் திறந்து, கழற்ற வேண்டியதைக் கழற்றி, கட்ட வேண்டியதைக் கட்டும் வேலையை யாரிடமும் கொடுக்கக் கூடாது. அது சொந்தக்காரர் தன் கையால் செய்ய வேண்டிய வேலை.

எடை எங்கே இருக்கிறது?

நம் ஊரில் 90-களின் வீடியோ கேம் பார்லர்களில் காசு போட்டு விளையாடியவர்களுக்கு இந்த உருவம் நினைவிருக்கும். ஆள் உயர மரப்பெட்டி. நெஞ்சுக்கு நேரே கைப்பிடியும் பொத்தான்களும். முகத்துக்கு நேரே திரை. தலைக்கு மேல் விளக்குப் போட்ட பெயர்ப்பலகை. ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாத்தானி உருவாக்கிய பேக்மேன் 1980-ல் வந்தது. அமெரிக்காவில் அதைத் தயாரித்து விற்றது சிகாகோவின் மிட்வே. அந்தப் பெட்டி சுமார் 27 அங்குல அகலம், சுமார் 280 பவுண்டு எடை. நம் கணக்கில் ஏறக்குறைய 127 கிலோ.

வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு அமைப்பான நியோஷ், ஒருவர் தூக்குவதற்கு ஓர் உச்சவரம்பு வகுத்திருக்கிறது. பிடி வசதியாக இருந்து, உடலை முறுக்காமல், எல்லாம் சாதகமாக அமைந்தால்கூட 23 கிலோதான். இரண்டு பேர் பேக்மேனைத் தூக்கினால் ஆளுக்கு அறுபது கிலோவுக்கு மேல் வருகிறது. வரம்பைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். பெட்டியில் பிடிப்பதற்கு ஒரு கைப்பிடிகூடக் கிடையாது.

மொத்த எடையைவிட, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். திரைக்குப் பின்னால் இருப்பது பழைய காலத்துக் கண்ணாடிப் படக்குழாய். அது பெட்டியின் மேல்பாதியில் இருக்கிறது. அடியில் மின்மாற்றியும் காசுப்பெட்டியும் இருந்தாலும் கீழ்ப்பாதியில் பெரும்பகுதி வெற்றிடம்தான். அதனால் ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் அது தானாக நிமிராது.

படக்குழாயின் பின்முனை ஒரு மெல்லிய கழுத்தாகக் குறுகி, பெட்டியின் பின்கதவை ஒட்டினாற்போல நிற்கும். அந்தக் கழுத்தில் ஒரு தட்டுப் பட்டால் போதும், மயிரிழை விரிசலில் காற்று உள்ளே புகுந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் உடைந்ததாகத் தெரியாது. பின்கதவைத் திறந்து கழுத்தருகே பார்க்க வேண்டும். அங்கே கண்ணாடியின் உட்புறம் வெள்ளிப் பூச்சு போல ஒரு திட்டு உண்டு. குழாய்க்குள் எஞ்சிய காற்றை உறிஞ்சிக்கொள்வதற்காக வைத்த உலோகப் படலம் அது. அந்த வெள்ளி நிறம் பால் வெள்ளையாக மாறியிருந்தால், குழாயின் கதை முடிந்தது. புதிதாக வாங்கவும் வழியில்லை. உலகத்தில் படக்குழாய் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. கடைசிவரை தாக்குப்பிடித்தவற்றில் நம் நாட்டு ஆலைகளும் உண்டு, இப்போது அவையும் இல்லை. பழுதான குழாய்க்கு மாற்று வேண்டுமானால் இன்னொரு பழைய பெட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மரமும் நம்பகமானதல்ல. பல பெட்டிகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. அடியில் நான்கு மூலையிலும் மட்டம் பார்க்கத் திருகுக் கால்கள் இருக்கும். அவற்றை உள்ளே முடுக்காமல் தரையில் இழுத்தால், கால் எங்காவது தட்டி, அந்த மூலைப் பலகையையே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிடமும் இருந்தால் தவிர்க்கக்கூடிய சேதம். அதிகம் நடப்பதும் இதுதான்.

எடையால் நடந்த வரலாறு

இந்தச் சுமையின் கதை வீட்டு பேஸ்மென்ட்டில் தொடங்கியதல்ல. நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளையை நடத்த வந்த மினோரு அராகாவா, ரேடார் ஸ்கோப் என்ற விளையாட்டை நம்பி மூவாயிரம் பெட்டிகளை ஜப்பானிலிருந்து வரவழைத்தார். அப்போது அலுவலகம் நியூயார்க் வட்டாரத்தில் இருந்தது. கப்பலில் அவ்வளவு தூரம் வந்துசேர மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் அந்த விளையாட்டின் மவுசு போய்விட்டது. சுமார் ஆயிரம்தான் விற்றன. மீதி இரண்டாயிரமும் கிடங்கில் தேங்கின. கடல்வழி குறையட்டும் என்று நிறுவனம் மேற்குக் கரைக்கு, சியாட்டில் பக்கம் மாறியது. தேங்கிய பெட்டிகளுக்குப் பொருத்த ஒரு புதிய விளையாட்டை வடிவமைக்கும் பொறுப்பு ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் வந்தது. 1981-ல் அராகாவாவும் அவர் மனைவியும் ஒருசில ஊழியர்களும் கிடங்கில் நின்று, பெட்டிகளைத் திறந்து, மின்சுற்றுப் பலகைகளையும் படங்களையும் தாங்களே மாற்றினார்கள். அப்படி வெளிவந்ததுதான் டாங்கி காங். சரக்குப் போக்குவரத்தின் தாமதம் இல்லாவிட்டால் அந்தக் குரங்கும், ஏணியேறும் அந்தத் தச்சனும் நமக்குக் கிடைத்திருப்பார்களா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அந்த நாட்களில் இயந்திரங்களைத் தூக்கியவர்கள் ஆபரேட்டர்கள். இயந்திரம் அவர்களுடையது, மதுக்கடையிலோ பீட்சா கடையிலோ அதை நிறுத்தி, விழுந்த காசைக் கடைக்காரரோடு பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரு கடையில் வசூல் குறைந்தால் பெட்டியை இன்னொரு கடைக்கு மாற்றுவார்கள். பட்டை வைத்த தள்ளுவண்டி, போர்வை, பின்னால் லிஃப்ட் உள்ள வேன் என்று இன்று சேகரிப்பாளர்கள் பின்பற்றும் முறைகளெல்லாம் அவர்களிடமிருந்து வந்தவை. பழுது பார்ப்பதும் தூக்குவதும் அன்று பெரும்பாலும் ஒரே கையில் இருந்தன. இன்று அந்த இரண்டும் பிரிந்துவிட்டன. தூக்கத் தெரிந்தவருக்கு இயந்திரம் தெரியாது. இயந்திரம் தெரிந்தவருக்குத் தூக்கத் தெரியாது. சிக்கலே இதில்தான் இருக்கிறது.

ஆர்வம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு வேல்ஸ் நாட்டுக் கரையில் நிற்கும் ‘டியூக் ஆஃப் லங்காஸ்டர்’ கப்பலைச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் ரயில்வேக்காக ஓடிய பயணிகள் கப்பல். 1979-ல் கரையேற்றி, கேளிக்கை இடமாக மாற்றினார்கள். பிறகு அதையும் மூடினார்கள். உள்ளே பழைய ஆர்கேட் பெட்டிகள் பல ஆண்டுகள் இருட்டில் கிடந்தன. பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் சிலர் கூட்டாகப் பேசி அவற்றை வாங்கி, குறுகிய கப்பல் வழிகளில் நகர்த்தி, கிரேன் வைத்து வெளியே இறக்கினார்கள். கலிபோர்னியாவின் பேனிங் நகரில் இருந்த பின்பால் அருங்காட்சியகத்துக்கு இப்படி ஒரு முடிவு வாய்க்கவில்லை. 2021-ல் அங்கிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் ஏலத்தில் போயின. ஏலம் எடுத்த ஒவ்வொருவர் முன்னாலும் நின்ற கேள்வி, இந்தக் கட்டுரையின் தலைப்பில் இருப்பதுதான்.

எடிசனில் ஒரு சனிக்கிழமை

நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் மதுரைக்காரர் ஒருவர் கேலகா பெட்டி வாங்கியிருந்தார். கராஜில் இறக்கியாயிற்று, பேஸ்மென்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். படிக்கட்டு பாதியில் திரும்புகிறது. அவர் மனைவியின் தம்பிக்கு ஆள் கூப்பிடுவதில் விருப்பமில்லை.

“என்ன மச்சான், ஃபிரிட்ஜையே நாமதான இறக்குனோம். இதுக்குப் போயி ஆளுக்குக் காசு குடுக்கணுமா?”

“ஃபிரிட்ஜுக்குக் கனம் அடியில இருக்கு மாப்ள. இதுக்குக் கனம் தலையில. சாஞ்சுச்சுன்னா நம்ம பேச்சக் கேக்காது.”

ஆள் வருவதற்குள் அவர் செய்த வேலையைத்தான் நான் கவனித்தேன். பின்கதவைத் திறந்து டார்ச் அடித்து, படக்குழாயின் சட்டம் பெட்டியோடு பிணையும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அதை மாற்றினார். பழைய போர்வை ஒன்றை மடித்துப் படக்குழாய் கழுத்துக்கும் கதவுக்கும் நடுவே தளர்வாகத் தொங்கவிட்டார், கழுத்தைத் தொடாமல். மேலே பெயர்ப்பலகைத் தகட்டையும் திரைக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியையும் கழற்றி, தனியே சுற்றி, மனைவியின் காரில் வைத்தார். விளையாட்டுப் பலகையில் செருகியிருந்த இணைப்புகளைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டார். அடியில் திருகுக் கால்களை முழுக்க உள்ளே முடுக்கினார். கதவுகளைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு அளவு நாடாவோடு படிக்கட்டின் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். கைப்பிடிச் சுவரில் இருந்த மரப்பிடியைக் கழற்றினால் இரண்டு அங்குலம் கூடும் என்று தெரிந்ததும் அதையும் கழற்றினார்.

வந்த இருவரும் அனுபவசாலிகள். பெட்டியின் முதுகுப்பக்கம் தள்ளுவண்டியைக் கொடுத்து, கைப்பிடிப் பலகைக்குக் கீழே பட்டையைச் சுற்றி இறுக்கினார்கள். ஒருவர் மேலே நின்று வண்டியைப் பிடிக்க, ஒருவர் கீழே நின்று வழிகாட்ட, படிக்கு ஒரு மூச்சு வீதம் இறங்கினார்கள். உதவிக்குக் கை நீட்டிய மச்சினரை மூத்தவர் தடுத்துவிட்டார். கீழே இன்னொருவர் வந்து நிற்கக் கூடாது, நழுவினால் யாரும் பிடிக்கக் கூடாது, ஒதுங்கிவிட வேண்டும் என்றார். பெட்டியை இன்னொன்று வாங்கலாம் என்றும் சொன்னார். நான் கேட்ட அறிவுரைகளில் இதைவிட முக்கியமானது வேறில்லை. நிலவரம் மோசமாகும்போது பிடிக்கப் போவதுதான் மனித இயல்பு. நூறு கிலோவுக்கு மேலான பெட்டி படியில் உருளும்போது அந்த இயல்பு ஆளைக் கொல்லும்.

நாமே தூக்கலாமா?

தரைமட்டத்திலிருந்து தரைமட்டத்துக்கு என்றால் தாராளமாகச் செய்யலாம். கராஜிலிருந்து கராஜுக்கு, நடுவில் படி இல்லாமல், பின்னால் லிஃப்ட் உள்ள லாரியை வாடகைக்கு எடுத்தால், இரண்டு பேரும் பட்டையோடு கூடிய நல்ல தள்ளுவண்டியும் போதும். சாய்தளம் மட்டும் உள்ள லாரியானால் ஆபத்து கூடுகிறது, மூன்றாவது ஆள் தேவை. லாரிக்குள் பெட்டியை நின்றவாக்கில் சுவரோடு சேர்த்துக் கட்டுவது நல்லது. பிக்கப் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. முதுகு கீழே இருக்கும்படி, அடியில் கனமான விரிப்புப் போட்டு, படக்குழாய் போல்ட்டுகளைச் சரிபார்த்த பிறகு மட்டும். மழைக்கு வாய்ப்பிருந்தால் அந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். மரத்தூள் பலகை ஒருமுறை நீரில் ஊறி உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது.

பின்பால் இயந்திரம் இதைவிடச் சுலபம், காரணம் அது பிரியும். 1992-ல் பாலி வெளியிட்ட ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ 20,270 விற்றது. அதனால் நகர்த்துபவர்கள் கையில் அடிக்கடி சிக்குவதும் அதுதான். முதலில் உள்ளிருக்கும் இரும்புக் குண்டுகளை எடுத்துவிட வேண்டும். மறந்தால் வழியெல்லாம் அவை உருண்டு, ஓவியம் தீட்டிய ஆடுதளத்தையும் பொம்மைகளையும் நொறுக்கும். தலைப்பெட்டியை முன்பக்கமாக மடித்துக் கட்டி, காலுக்கு இரண்டாக எட்டு போல்ட்டுகளைக் கழற்றினால் நான்கு கால்களும் வந்துவிடும். பிறகு பெட்டியைப் பின்முனையில் நிமிர்த்தித் தள்ளுவண்டியில் ஏற்றலாம். 70-களின் இயந்திரங்களில் தலை மடியாது. அதைத் தனியே கழற்றி வயர் இணைப்புகளைப் பிரிக்க வேண்டும். எந்தச் செருகி எங்கே என்று படம் எடுக்காமல் பிரிப்பவர் பின்னால் வருந்துவார்.

சேகாவின் அவுட் ரன் போல உட்கார்ந்து ஓட்டும் பெட்டிகள், 1992-ல் கொனாமி வெளியிட்ட ஆறு பேர் ஆடும் எக்ஸ்-மென் போன்றவை வேறு ரகம். அவற்றுக்கு ஏற்கெனவே அதே இயந்திரத்தைப் பிரித்துச் சேர்த்த ஒருவர் உடன் இருக்க வேண்டும். அவர் கிடைக்கும்வரை காத்திருப்பதே நல்லது.

ஆள் வைத்தால்

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் வீட்டுச் சாமான் ஏற்றும் நிறுவனங்கள் கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறையில் பதிவு பெற்று, ஓர் எண் வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பது முதல் வேலை. இரண்டாவது வேலையைத்தான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுகிறார்கள். சேதமானால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு இரண்டு வகை உண்டு. ஒன்று முழுமதிப்புப் பொறுப்பு: பழுது பார்த்துத் தர வேண்டும், அல்லது மாற்றுப் பொருளோ அதன் மதிப்போ தர வேண்டும். இன்னொன்று கூடுதல் கட்டணமே இல்லாத வகை. அதில் ஒரு பொருளுக்குப் பவுண்டுக்கு 60 சென்ட்தான் பொறுப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 280 பவுண்டு பேக்மேன் முற்றிலும் நொறுங்கினால் கிடைப்பது 168 டாலர். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியவர், இலவசம் என்ற சொல்லைப் பார்த்து இதில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். முழுமதிப்பு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால்தான் இந்த வகை வரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடாமல் இருந்தாலே போதும்.

இதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளிப்பெட்டியில் கீறல்கூட இல்லாமல் உள்ளே மட்டும் இயங்காமல் போனால், அதற்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் சேர்ப்பது வழக்கம். ஆகவே ஏற்றுவதற்கு முன், இயந்திரத்தை ஓடவிட்டு, தேதி தெரியும்படி ஒரு காணொளி எடுத்துவைப்பது அவசியம். இறக்கியதும், பணியாளர்கள் இருக்கும்போதே சுற்றிப் பார்த்து, சேதம் இருந்தால் ரசீதில் எழுதிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். மாநிலம் தாண்டிய பயணத்துக்கு இழப்பீடு கேட்க ஒன்பது மாதம் அவகாசம் உண்டு என்றாலும், அன்று எழுதிய குறிப்புக்கு இருக்கும் வலு பிறகு எழுதும் கடிதத்துக்கு இருக்காது.

ஆள் வைப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தொலைபேசியில் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ‘ஒரு சின்ன கேம் பெட்டி’ என்று சொன்னால் வாடகை குறையும் என்று நினைத்து, படிக்கட்டின் திருப்பத்தையும் மறைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். வருகிற இருவருக்கு அன்று அது எத்தனையாவது வீடோ தெரியாது. அவர்கள் கொண்டுவந்த தள்ளுவண்டி இந்த எடைக்குப் போதாமல் இருக்கலாம். திரும்பிப் போனால் கூலி போகும் என்று அவர்கள் முதுகைக் கொடுத்து முயல்வார்கள். நாம் மிச்சம்பிடிக்கும் சில டாலருக்கு ஒருவரின் தண்டுவடத்தைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை. எடை, உயரம், படிகளின் எண்ணிக்கை, திருப்பம், கதவின் அகலம் எல்லாவற்றையும் படத்தோடு முன்பே அனுப்புங்கள். நேர்மையாகச் சொன்ன வேலைக்கு மூன்றாவது ஆள் வருவார், விலை கூடும். அந்த விலை நியாயமானது.

வெகுதூரம் அனுப்புவதானால், போர்வை சுற்றி நின்றவாக்கில் ஏற்றும் சேவையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். மரத்தட்டில் கட்டிப் பொதுச் சரக்கோடு அனுப்புவது மலிவு. ஆனால் வழியில் கிடங்குக்குக் கிடங்கு ஃபோர்க்லிஃப்ட் மாற்றும்போது, அதன் இரும்பு நாக்கு தட்டுக்குப் பதிலாகப் பெட்டியின் அடிப்பலகைக்குள் புகுந்துவிடுவது உண்டு.

வந்து சேர்ந்ததும் ஆவலில் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. குளிர்காலத்து லாரியிலிருந்து இறங்கிய பெட்டியானால், வீட்டுச் சூட்டில் உள்ளே ஈரம் படியும். சில மணி நேரம் கதவைத் திறந்து வைத்து அது உலர வேண்டும். பிறகு படக்குழாய் கழுத்தருகே அந்த வெள்ளித் திட்டைப் பார்க்க வேண்டும். அது வெள்ளியாகவே இருந்தால், கைபேசிப் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பையும் அழுத்திச் சரிபார்த்து, சிப்புகள் தளர்ந்திருந்தால் மெதுவாக அமர்த்தி, ஃபியூஸைப் பார்த்து, அதற்கப்புறம் மின்சாரம் கொடுக்கலாம். குழாயையோ, அதன் பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட தடித்த வயரையோ பழக்கமில்லாதவர்கள் தொடவே கூடாது. அங்கே பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் அணைத்த பிறகும் தங்கியிருக்கும். படம் வரவில்லை என்றாலும் பதற வேண்டாம். பயணத்தில் வந்த பெட்டிகளில் பெரும்பாலும் ஏதோ ஒரு செருகி கழன்றிருக்கும். அணைத்துவிட்டு, படத்தோடு ஒப்பிட்டு, முதல் இணைப்பிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டு வாருங்கள்.